சுவர்த்துளைகள் அடைபட்ட நாடு

வரைபடக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் நெஞ்சகநாடு இருந்தது. அங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பொதுச்சுவர் ஒவ்வொன்றிலும் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. மேட்டிலிருந்த முதல் வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். கேட்டவர் அடுத்த வீட்டுக்குத் தட்டுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் நாடு முழுவதும் சேதி பரவிவிடும். எல்லோரும் ஒன்றாகத் தத்தம் வீட்டுக் கயிற்றை இழுப்பார்கள். அந்தக் கயிறுகள் போய்ச் சேரும், நாட்டின் நடுவிலிருந்த பெரிய தோல்துருத்தி சுருங்கி, வயலுக்கும் வாசலுக்கும் தண்ணீரைத் தள்ளும்.

ஒன்பதாம் வரிசையில் செண்பகவடிவு இருந்தாள். பக்கத்து வீட்டுக் குமுதை துளை வழியே கூவுவாள்: “அக்கா, தட்டிட்டாங்க, இழுங்க!”

தேர்தலில் வென்று புதிதாகப் பட்டத்துக்கு வந்த மன்னர் இதைக் கேள்விப்பட்டுத் திடுக்கிட்டார்.

“நம் முத்திரை இல்லாமல் ஒரு சேதி நாடு முழுவதும் போகிறதா?”

“அண்டை வீட்டார் பேசிக்கொள்வதில்தான் சதி தொடங்குகிறது, மன்னா” என்றார் அமைச்சர்.

துளைகள் அடைக்கப்பட்டன. தட்டலுக்குப் பதிலாக ‘இழு’ என்ற ஓலைகள் அரண்மனையில் முத்திரையிடப்பட்டு, சேவகர் வழியே வீடுதோறும் வந்தன. ஒரு வீட்டுக்குக் காலையில், இன்னொரு வீட்டுக்கு மதியம். கிடைத்தபோது கிடைத்தவர் இழுத்தார். துருத்தி சுருங்கவில்லை, வெறுமனே நடுங்கியது. தண்ணீர் நகரவில்லை.

“முன்பெல்லாம் இழுத்துவிட்டு ஓய்ந்திருந்தார்கள். இப்போது எந்நேரமும் யாரோ இழுக்கிறார்கள். நாட்டில் உழைப்பு பெருகியிருக்கிறது!” என்று அமைச்சர் அறிவித்தார்.

செண்பகவடிவின் கணவன் இளநாகன் காய்ச்சலில் நா வறண்டு கிடந்தான். அப்போது மறுபடியும் தேர்தல் வந்தது. அமைச்சரே வாசலில் வந்து நின்றார்.

“தாயே, பக்கத்து வீட்டார் இழுப்பதில்லை. மன்னர் மீண்டும் வென்றால் சுவரைத் தடிப்பாக்குவார். அவர்கள் சோம்பல் உங்களை அண்டாது.”

கயிறு இழுத்துக் கொப்புளம் வெடித்த தன் கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “நல்லா தடிப்பாப் போடுங்க சாமி. அந்தக் குமுதை இழுத்திருந்தா இவருக்கு ஒரு வாய்த் தண்ணி கிடைச்சிருக்கும்.”

மன்னர் எல்லா வாக்குகளும் பெற்று வென்றார். மூன்றாம் நாள் இளநாகன் இறந்தான்.

அடுத்த வாரம் சுவரைத் தடிப்பாக்கக் கொத்தனார் வந்து பழைய பூச்சைக் கொத்தினார். அடைத்த துளை திறந்துகொண்டது. அந்தப் பக்கம் குமுதை நின்றாள், இரண்டு உள்ளங்கையிலும் ரத்தக் கறை படிந்த துணி.

“நீ இழுக்கவே இல்லைன்னாங்களேடி...”

“நீங்கதான் இழுக்கலைன்னு சொன்னாங்க அக்கா. தண்ணியில்லாம என் மக போயிட்டா.”

செண்பகவடிவு துளைக்குள் கையை நீட்டினாள். குமுதை அதைப் பற்றிக்கொண்டாள்.

கொத்தனார் கரண்டியோடு காத்து நின்றார். “கையை எடுங்கம்மா, கலவை காய்ஞ்சிடும். நீங்க எல்லாரும் கேட்டு வாங்குன சுவருதானே.”