நான் சாகவில்லை, பெரியண்ணை

தோர்ண்டன் ஹீத்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்குரிய பெரியண்ணை அவர்களுக்கு, தம்பி சண்முகராசா பணிவுடன் எழுதிக்கொள்வது.

நானும் யோகமலரும் மகள் லக்‌ஷிகாவும் இங்கு நலம். டென்மார்க்கில் நீங்களும் அண்ணியும் மகன் றமணனும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். 'நான் நலம்' என்பதை இம்முறை வழமைக்காக எழுதவில்லை. தயவுசெய்து அந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான் போன் எடுத்தபோது, என் குரலைக் கேட்டதும் "ஐயோ முருகா!" என்று கத்தி வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. நான் உயிரோடு இருப்பது உறுதியான பிறகுதான் உங்களுக்குக் கோபம் கூடியது என்று றமணன் சொன்னான். என் செத்தவீட்டுக்கென்று வரும் சனிக்கிழமைக்கு நீங்கள் விமான ரிக்கெற் போட்டதும், சாவுத் துடக்கு என்று சொல்லி றமணனின் புது வீட்டுக் குடிபுகுதலைத் தள்ளிவைத்ததும், கோபத்தில் மீனும் இறைச்சியும் இன்னும் தொடாமல் இருப்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். சாகாமல் போனதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிற முதல் தம்பி நானாகத்தான் இருப்பேன். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு ஏசுங்கள்.

எல்லாம் லக்‌ஷிகாவின் படிப்பால் வந்தது. இங்கே பக்கத்துக் கல்லூரியில் அவள் இரண்டு வருட நாடக டிப்ளோமா முடிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அந்த டிப்ளோமாவை வைத்து ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் நேரே இரண்டாம் வருடத்துக்கு மாறலாமாம். ஆனால் நாடு முழுவதிலும் இருந்து பிள்ளைகள் முட்டி மோதுகிற அந்தத் துறையில், இப்படி மாறி வருபவர்களுக்கு இருப்பது ஒரேயொரு இடம். பரீட்சகர்களுக்கு முன்னால் ஒரு காட்சி நடித்துக் காட்ட வேண்டும். நான் ஒரு உடன்படிக்கைக்கு வந்தேன். ஒரு தரம் முயன்று பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் கணக்கியல். கணக்கியல்காரர் ஏற்கெனவே இடம் தந்துவிட்டார்கள், அவர்களுக்கு இவள் என்றால் நல்ல விருப்பம்.

அவள் தேர்ந்தெடுத்தது ஒப்பாரி. தகப்பனின் பிரேதத்துக்கு முன்னால் மகள் அழுவதாகத் தானே எழுதினாள். சொல்லிக் கொடுத்தது யோகமலர். யோகமலர் செத்தவீட்டில் அழுதால் அடுத்த ஊர் ஸ்ட்ரெதமில் இருந்துகூட ஆட்கள் விசாரித்து வருவார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. "உயிரோட இருக்கிற மனிசனை நினைச்சு அழக்கூடாது பிள்ளை" என்று முதலில் மறுத்தவள்தான், பிறகு மகள் மூக்கைச் சிந்துகிற இடம் பிழை என்று திருத்தத் தொடங்கிவிட்டாள். ஒத்திகை பார்ப்பதற்கு நாலு அன்ரிமாரைக் கூட்டிவரும்படியும் மகள் தாயிடம் கேட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பேக்கரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, படி ஏற அலுப்பாக இருந்ததால் முன்னறைச் செற்றியில் படுத்தேன். வெளிச்சத்தில் எனக்கு நித்திரை வராது, அதனால் வெள்ளை வேட்டியால் தலைவரை மூடிக்கொள்வது பழக்கம். யோகமலர் வேலைக்குப் போய்விட்டாள். லக்‌ஷிகா இறங்கி வந்து பார்த்திருக்கிறாள், ஒத்திகைக்குத் தேவையானது தயாராகக் கிடக்கிறது. ஒத்திகை என்றால் சாமான்கள் எல்லாம் அச்சொட்டாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கல்லூரிப் பாடமாம். சாமி அறைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் ஏற்றினாள். என் கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினாள். தலைமயிரை விரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட்டாள். ஊரே அறிந்த என் குறட்டை, அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தவநாயகி அக்கா கறிவேப்பிலை தர வந்திருக்கிறார். எங்கள் அழைப்புமணி பழுது, ஆதலால் ஜன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளை வேட்டி, விளக்கு, கட்டிய கால், அழுகிற பிள்ளை. செத்தவீட்டில் ஆராவது "உண்மையாகச் செத்துவிட்டாரோ" என்று கேட்பார்களா? அக்கா அப்படியே திரும்பிப் போய் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கல்யாணசுந்தரம் மாஸ்ரர் அவ்விடத்திலேயே அஞ்சலி அறிவித்தல் எழுதி, ஆரோ வீட்டுக் கலியாணத்தில் நான் வடை சாப்பிடுகிற படத்தையும் ஒட்டி, டென்மார்க் வரைக்கும் அனுப்பிவிட்டார். அதுதான் உங்களுக்கு வந்தது.

எனக்கு முழிப்பு வந்தபோது, பூட்டாத பின்கதவால் வந்து அறை நிறைய ஆட்கள். கண்ணைத் திறந்த லக்‌ஷிகா, தாய் அனுப்பிய பார்வையாளர்கள்தான் இவர்கள் என்று நினைத்து, அவர்கள் அழ அழ இன்னும் உருகி நடித்துக்கொண்டிருக்கிறாள். நான் எழும்பியிருக்க வேண்டும், ஓம். ஆனால் "அருமையான மனிசன். பிள்ளையின்ர விருப்பத்துக்கு ஒரு நாளும் குறுக்க நிண்டதில்லை" என்று மாஸ்ரர் சொல்வது காதில் விழுந்தது. சரி, மிச்சத்தையும் கேட்போம் என்று கிடந்தேன். அடுத்த ஆள், "சங்கத்துச் சமையல் கிடாரம் இவர் வீட்டிலதானே கிடக்கு, ஆர் இனி கேட்டு எடுக்கிறது?" என்றார். இனிப் போதும் என்று எழும்பப் பார்த்தேன். அப்போதுதான் மகளின் வரி வந்தது.

"என்ர அப்பா, விடியக் காலமை வேலையால வந்து, நான் எழும்பிப் போடுவன் எண்டு சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு படி ஏறுவியளே, இனி ஆர் அப்பா அப்பிடி ஏறி வாறது?"

அண்ணை, அவள் நித்திரை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. வேட்டிக்குள்ளேயே விம்மிவிட்டேன்.

"ஐயோ, பிரேதம் அழுகுது!" என்று தவநாயகி அக்கா கத்தினார். பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் துள்ளி எழுந்தேன், கால் விரல்கள் கட்டிக் கிடந்ததால் நேரே போய் மாஸ்ரருக்கு மேலே விழுந்தேன். பிறகு தண்ணீர் தெளித்தது அவருக்குத்தான். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஆட்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள், திருப்பிக் கொண்டுபோவது அழகில்லை என்று இருந்து சாப்பிட்டார்கள். போகும்போது தவநாயகி அக்கா லக்‌ஷிகாவின் கையைப் பிடித்து, "பிள்ளை, என்ர அவருக்குக்கூட நான் இப்பிடி அழேல்லை" என்றார்.

வியாழக்கிழமை பரீட்சை. நான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே தெருவில் இருந்தேன், வாசற்படிகூட மிதிக்கவில்லை. முடிவு திங்கட்கிழமை வருமாம். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, எனக்கு எல்லாம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தது பொதுவாகச் செய்ததுதான். நாடகத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை, நீங்கள் என்னை அப்படி நினைக்க வேண்டாம்.

ஆகவே அண்ணை, துடக்கு இல்லை. மீன் வாங்கி வயிறாரச் சாப்பிடுங்கள். குடிபுகுதலை நல்ல நாள் பார்த்து வையுங்கள். அந்த ரிக்கெற்றை எப்படியாவது கான்சல் செய்யுங்கள், இந்த அலங்கோலத்தைப் பார்க்க நீங்கள் வர வேண்டியதில்லை.

அண்ணியின் பாதங்களுக்கு வணக்கம், றமணனுக்கு ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க, செத்த செய்தி பொய்யாகவே வந்துகொண்டிருக்க முருகன் அருளட்டும்.

இங்ஙனம்,
சகல உயிரோடும் இருக்கும் தம்பி,
சண்முகராசா

பி.கு.: இன்று திங்கட்கிழமை. இடம் கிடைத்துவிட்டது, அண்ணை! அந்த ஒரேயொரு இடம் எங்கள் பிள்ளைக்கு! தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் ரிக்கெற் பார்க்கிற வெள்ளைக்காரருக்குக்கூடச் சொல்லிவிட்டேன். தபால் சுணங்கும், ஆகவே கடிதத்தைப் படம் எடுத்து றமணனின் போனுக்கு அனுப்புகிறேன். இன்னொன்று, வியாழக்கிழமை நான் தெருவில் இருக்கவில்லை. பிரேதமாகப் படுக்க வந்த பிரியந்தன், அவளோடு படிக்கிற பெடியன், சிரிப்பை அடக்க ஏலாமல் போனதால் நானே வேட்டியை மூடிக்கொண்டு படுத்தேன். பிரேதம் அழுத இடம்தான் பரீட்சகர்களுக்கு மிகவும் பிடித்ததாம். வரும் சனிக்கிழமை கல்லூரி மேடையில் திரும்பவும் போடுகிறோம். தலைமாட்டில் நின்று அழ ஒரு மூத்த அண்ணன் வேண்டும் என்கிறாள் லக்‌ஷிகா. எப்படியும் அதற்குத்தானே புறப்பட்டீர்கள்? ரிக்கெற்றைக் கான்சல் செய்யாமல் வாருங்கள். மீன் மட்டும் சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம், முகத்தில் அந்தச் சோகம் அப்படியே இருக்கட்டும்.