சிவப்புப் பெயிண்ட் அடித்த பனை

பெண் வீட்டாரிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத மாப்பிள்ளை எங்காவது இருக்கலாம். நான் பார்த்ததில்லை. என் பங்குக்கு நான் சம்பளத்தையோ வயதையோ மாற்றிச் சொல்லவில்லை. “செடி வளர்ப்பதில் எனக்குக் கை ராசி” என்று மட்டும் சொன்னேன். (கரமனையில் எங்கள் வீட்டுத் துளசியே பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் ஊற்றித்தான் பிழைத்திருந்தது.)

தொண்ணூற்றெட்டில் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, வருங்கால மாமனார் குடும்பத்துடன் மூன்று வாரம் காசிக்குப் புறப்பட்டார். போகும்முன் ஸ்ரீவராகத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ரெட் பாம் என்கிற அலங்காரப் பனை. இடுப்பு உயரம், மூங்கில்போல நாலு தண்டு, மட்டையெல்லாம் குங்குமச் சிவப்பு.

“சதுப்புல வளர்ற ஜாதியாக்கும். தொட்டிக்கு அடியில இருக்கற தட்டுல எப்பவும் வெள்ளம் நிக்கணும், கேட்டேளா. உச்சி வெயில் ஆகாது. ஒரு சாண் வளரவே வருஷமாகும்” என்றார். பிறகு, “பொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னாடி இதைக் குடுத்துப் பாக்கறேன்” என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

நாலாம் நாள் தட்டில் கொசுப்புழு நெளிந்தது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று எங்கோ படித்த ஞாபகம் வேறு. தட்டைக் கவிழ்த்தேன். காற்றாட இருக்கட்டும் என்று தொட்டியை மொட்டை மாடியில் ஏற்றினேன். அது சித்திரை மாதம்.

ஒரே வாரத்தில் ஓலை கருகியது. சிவப்பு மட்டைகள் காய்ந்து பழைய துடைப்பத்தின் நிறத்துக்கு வந்தன. பதறிப்போய் தொட்டியைக் கீழே இறக்கி, அண்டாத் தண்ணீரில் உட்கார்த்தினேன். தினமும் காலையில் அதன் எதிரே நின்று மன்னிப்புக் கேட்டேன். (ஆபீசுக்குத் தாமதமாகும் அளவுக்கு.) பச்சை கொஞ்சம் மிஞ்சியது. சிவப்பு திரும்பவே இல்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயிண்டை எடுத்தேன். இரண்டு மட்டை முடித்து மூன்றாவதில் இருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்து, ரயிலடியிலிருந்து நேரே பனையைப் பார்க்க வந்திருந்தார் மாமனார். நான் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சட்டை போனது.

அவர் குனிந்து மட்டையை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

“ரெண்டாவது கோட் உண்டோ?”

“மாமா, நான்... வெயில்ல வெச்சுட்டேன். செடி வளர்க்க எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் தொட்டி ஓரத்து மண்ணைக் கிளறினார். அங்கே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்கும் நீங்கதான் அடிச்சேளா?”

“இல்லை மாமா. சத்தியமா அதைப் பாக்கவே இல்லை.”

“அப்போ வேர் சாகலை. பக்கக் கன்னு விட்டிருக்கு” என்று மூச்சு விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன். பிறகு உள்ளே யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மாப்ளை, இது மூணாவது செடியாக்கும். முதல் ரெண்டையும் நான்தான் வெயில்ல வெச்சுக் கொன்னேன். ஆத்துல பூச்சி அரிச்சுடுத்துன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்கோ.”

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. ஆனால் அன்றே பின்னால் வந்து என் சட்டை முதுகைப் பார்த்த பெண் வீட்டார் பூச்சிக் கதையை நம்பவில்லை. இன்றைக்கும் என் மனைவி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு விசேஷத்துக்குக் கிளம்பினால், மச்சினன் வாசலிலேயே நிறுத்திக் கேட்பான்: “அக்கா, இது நீ பூசிண்டதா, இல்லை அத்திம்பேர் அடிச்சு விட்டதா?”