படத்தில் இருப்பவர் கையெழுத்து

தன் வீட்டில் யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பதை இனிமேல் தானே முடிவு செய்வது என்று மத்னியாஸ் ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டவருக்குத் தீர்மானிக்க வேறென்ன இருக்கிறது?

கீவா நகரத்தின் பழைய கோட்டைக்குள் அவர்கள் வீடு. வாசலிலேயே மண் அடுப்பு. அவர் மனைவி ஓய்ஜமால் அதில் ரொட்டி சுடுவாள். ஊர் பார்க்க வருகிறவர்கள், அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவளைக் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் நிமிர்வதற்குள் ஆள் அடுத்த சந்தில் இருக்கும்.

"மூக்குல கரியோட என் முகம் எந்தெந்த ஊரைச் சுத்துதோ" என்று பெருமூச்சு விட்டு, அதோடு விட்டுவிடுவாள். கோபம் அவளுக்கு வராது. வந்தாலும் மாவு பிசைவதில் கரைந்துவிடும்.

அன்றைக்கு வந்த ஷஹ்லோ அப்படிப்பட்டவள் இல்லை. தலைநகரம் தாஷ்கண்டிலிருந்து வந்த பெண். சுவரில் மாட்டும் நாட்காட்டிக்குப் படம் எடுக்க வந்திருந்தாள். ரொட்டி சுடும் அம்மாவைப் படம் எடுக்கலாமா என்று தேநீர்க்கடையில் விசாரித்தாள். அங்கே காலை மடக்கி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் மத்னியாஸைக் கை காட்டினார்கள். அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஒருவர் முகத்தை அச்சடிப்பதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும், படத்தில் இருப்பவரேதான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் பெரியம்மாவைத்தான் கேட்கணும் என்று பணிவாகச் சொன்னாள்.

முடிதிருத்தும் சோபிர் சும்மா இருக்கவில்லை. "மத்னியாஸ் அண்ணன் வீட்டுல யாரைக் கேக்கணும்? அண்ணியையா, அண்ணனையா? எனக்கும் ரொம்ப நாளாச் சந்தேகம்."

கடையில் சிரிப்பு. மத்னியாஸின் மானம் தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்றது.

"கொண்டா தாளை" என்றார். கண்ணாடி வீட்டில் இருந்தது. இருந்தாலென்ன, கோடு தெரிந்தது. பெயரை எழுதி, கீழே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். "என் கையெழுத்து விழுந்தா விழுந்ததுதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை இது. ரிவர்ஸ் எடுத்ததே இல்ல."

நல்ல வளர்ப்பு அந்தப் பெண்ணுக்கு. பெரியவரை எதிர்த்துப் பேசாமல், தாளின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மதியம் சாப்பிடும்போது, வழக்கம்போல் மூத்த மகள் பெயரைச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டு, செய்தியை அவிழ்த்தார்.

"தில்ஃபூசா அம்மா, உன் படம் நாட்காட்டியில வரப்போவுது."

"யாரைக் கேட்டாங்க?"

"என்னைத்தான். சரின்னுட்டேன்."

"என் மூஞ்சிக்கு நீங்க சரின்னுட்டீங்க."

"நாப்பது வருஷமா நான்தானே பாக்கறேன்."

"பாக்கறது வேற, தில்ஃபூசா அப்பா. எழுதிக் கொடுக்கறது வேற."

ஓய்ஜமால் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். தொழுகைப் புத்தகத்தைப் படிப்பதுபோல் உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு, "சரி" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று மத்னியாஸ் இன்னும் இரண்டு முட்டைக் கொழுக்கட்டை போட்டுக்கொண்டார். ஓய்ஜமால் 'சரி' என்று சொன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும் என்பது நாற்பது வருடத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் விடியுமுன் வாசல் கூட்டுவது மருமகள் வேலை. இவர்களுக்கு இரண்டும் பெண்கள். இரண்டையும் பக்கத்து ஊரான உர்கெஞ்சில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஓய்ஜமாலுக்கோ முழங்கால் வலி. ஆகவே, மருமகள் இல்லாத குறையை மூன்று வருடமாக மத்னியாஸ் தீர்த்துவருகிறார். அதிகாலைத் தொழுகை முடிந்ததும், தலையில் தூசி படாமல் மனைவியின் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, சந்து விழிப்பதற்குள் கூட்டி முடித்துவிடுவார். இது இறைவனுக்கும் ஓய்ஜமாலுக்கும் மட்டுமே தெரியும். இறைவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

வியாழக்கிழமை காலை அவர் துடைப்பத்தை வைக்கப் போனபோது, மூலையில் இன்னும் குப்பை கிடக்கிறது, கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், இன்னொரு தடவை கூட்டிவிடுங்கள் என்றாள் மனைவி. முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். இவரும் மனமிரங்கி, குனிந்தபடியே இன்னொரு தடவை கூட்டினார்.

அன்று மதியம் ஷஹ்லோ தேநீர்க்கடைக்கு வந்தாள். எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு மத்னியாஸின் முன்னால் உட்கார்ந்தாள்.

"படம் எடுத்தப்புறமும் ஒரு தடவை காட்டிக் கேக்கணும், அதுவும் பெரியவங்க உக்காந்திருக்கற இடத்துல போயி மரியாதையாக் கேக்கணும்னு பெரியம்மா சொன்னாங்க" என்று கேமராவை அவர் பக்கம் மட்டும் திருப்பினாள்.

அருமையான படம். மண் சுவரில் காலை வெயில். பொன்பொடி மாதிரித் தூசி. நடுவில், பூப்போட்ட துணியைத் தலையில் கட்டி, துடைப்பத்தோடு குனிந்த ஓர் உருவம். அதற்கு மீசை இருந்தது.

மத்னியாஸ் குரலைத் தாழ்த்தினார். "இது நானாச்சே."

"ஆமாம் பெரியப்பா. 'படத்தில் இருப்பவர்'ங்கற இடத்துல உங்க பேரும் கையெழுத்தும்தானே இருக்கு. பெரியம்மாவுக்குப் படத்துல வர இஷ்டமில்ல. தாள்ல யார் பேர் இருக்கோ அவரையே எடுத்துக்கோன்னாங்க." பிறகு தெளிவான குரலில் சொன்னாள். "உங்களுக்கும் வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கேயே தாளைக் கிழிச்சிடறேன்."

"எதைக் கிழிக்கறது?" என்றார் சோபிர். "அண்ணன் போட்ட கையெழுத்தையா?"

தூக்கிய கிண்ணங்கள் அப்படியே நின்றன. மத்னியாஸ் கணக்குப் போட்டார். வேண்டாம் என்றால் இன்றைக்கே, இப்போதே மானம் போகும். சரி என்றால் புது வருடத்தில்தான் போகும். நாட்காட்டி என்றால் பன்னிரண்டு தாள். தன் படம் ஏதோ ஒரு மாதத்தில் வந்துவிட்டுப் போகும். பிப்ரவரியாக இருந்தால் இருபத்தெட்டே நாள். சளிக் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துவிடலாம்.

"விழுந்தா விழுந்ததுதான்" என்றார், மெதுவாக.

வீட்டில் ஓய்ஜமால் சூப்பை ஊற்றியபடி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"சரின்னேன்."

"உங்க மூஞ்சி. நீங்க சரின்னா சரிதான்."

புது வருடம் பிறந்தது. தேநீர்க்கடைச் சுவரில் நாட்காட்டி மாட்டினார்கள். உரோமத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மத்னியாஸ் உள்ளே நுழைந்தார். எல்லோரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவர் சோபிரின் அருகில் போய் உட்கார்ந்து, காதோடு காதாகக் கேட்டார், மாதம் முடிந்ததும் தாளைத் திருப்பிவிடுவீர்கள்தானே என்று.

சோபிர் எழுந்து போய், நாட்காட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"திருப்ப என்னண்ணே இருக்கு? இருக்கறதே ஒரு தாள். பன்னண்டு மாசமும் உங்க துடைப்பத்துக்குக் கீழதான் அடிச்சிருக்கு."