உஷ் பாஸும் பின்சீட்டுக்குக் கீழே ஒரு சத்தமும்

கொழும்பில் சத்தத்தை நிறுத்தக்கூடிய ஆள் ஒருவர்தான். பொலிஸால் முடியாது. மந்திரியாலும் முடியாது. மந்திரி வந்தால் சத்தம் கூடும். கொட்டாஞ்சேனை உஷ் பாஸால் முடியும்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மெக்கானிக் என்பதால் பாஸ். மற்றப் பாதி வந்த கதை அவருடைய கராஜில் ஐந்து நிமிடம் நின்றால் விளங்கும்.

கராஜுக்கு இடப்பக்கம் தகரக்கடை. விடிந்ததிலிருந்து வாளி அடிப்பார்கள். வலப்பக்கம் கொத்து ரொட்டிக் கடை. மத்தியானமே தகடு தட்டத் தொடங்கிவிடும். எதிரே மைக் வைத்துக் கணக்குப் படிப்பிக்கும் டியூஷன் வகுப்பு. இந்த மூன்றுக்கும் நடுவில், காரின் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்லும் மெக்கானிக். இந்த இடத்தை அவருக்குப் பார்த்துக் கொடுத்தவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாஸ் கையை உயர்த்துவார். "உஷ்!" என்பார். சுத்தியல் நிற்கும். கொத்துக்கடை நானா இரண்டு தகடுகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், சரணடைந்த ஆள் மாதிரி. டியூஷன் மாஸ்டர் கணக்கின் நடுவில் வாயை மூடுவார். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு உஷ் பாஸ் என்றால் உயிர்.

ஒருமுறை பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் லேனில் ஒருவன் பட்டாசு கொளுத்தப் போனானாம். பாஸ் ஓடிப்போய்ப் பறித்தாராம். "புள்ள நாளைக்கும் இருக்கும்டா. இந்த பெயாரிங் இப்பதான் கத்துது" என்றாராம்.

நான் அவரிடம் போனது வேறு வழி இல்லாமல்.

நான் வெள்ளவத்தையில் ஹயர் ஓடுகிறேன். என் கார் தொண்ணூறுகளில் ஜப்பானில் பிறந்தது. அதற்குத் திடீரென்று ஒரு வியாதி. காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இழுக்காது. பிறகு நிற்கும். அரை மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளை. ஒருவர் பிளக் மாற்றினார். ஒருவர் கொயில் மாற்றினார். மூன்றாமவர் பற்றரி மாற்றினார். நாலாமவர் டிரைவரை மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

எங்கள் லேனில் டீச்சர் ஒருவர் தனியே இருக்கிறா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திங்களும் வியாழனும் இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நேரம் தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டீச்சரின் இடது கையில்தான் ஊசி ஏற்றுவார்கள். அந்தக் கையை யாரும் பிடிக்கக்கூடாது. வலப்பக்கம் போய், வலது கையைப் பிடித்து இறக்கவேண்டும். மூன்று வருஷமாக இது என் வேலை.

அந்தத் திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில், காலி வீதி நடுவில், கார் நின்றது. சரியான வெயில். பின்னால் பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை.

டீச்சர் சொன்னா: "தம்பி, என்ர கிட்னியும் உங்கட காரும் ஒரே வருஷத்து மொடல் போல."

நான் சிரிக்கவில்லை. ஒரு ஓட்டோவை மறித்தேன். ஓட்டோக்காரன் நல்லவன். உதவி செய்ய ஓடிவந்தான். வந்தவன் இடது கையைப் பிடித்து இழுத்தான். டீச்சர் கத்தவில்லை. உதட்டைக் கடித்தா. கத்தியிருந்தால் பரவாயில்லை.

பின்னேரம் வெளிநாட்டிலிருந்து டீச்சரின் மகன் போன் எடுத்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. வியாழக்கிழமையும் நிண்டா நான் இங்கயிருந்து கம்பனிக் கார் போடுறன்."

குறை நினைக்க ஒன்றுமில்லை. மகன் செய்யவேண்டியதுதான். ஆனால் கம்பனிக் காரில் ஒவ்வொரு நாளும் ஒரு புது டிரைவர் வருவான். ஒவ்வொருவனும் நல்லவனாக இருப்பான். ஒவ்வொருவனும் ஓடிவந்து இடது கையைப் பிடிப்பான்.

எனக்கு இரண்டு நாள் இருந்தது. அதே ஓட்டோக்காரன்தான் வழி சொன்னான். "கொட்டாஞ்சேனைக்குப் போங்க அண்ணே. உஷ் பாஸ்."

செவ்வாய் காலை போனேன். பாஸ் கட்டையான மனிதர். உடம்பெல்லாம் ஒயில். சட்டைப் பையில் மட்டும் வெள்ளை வெளேரென்று முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்று.

"என்னா மல்லி, என்னா வருத்தம்?" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவரைவிட நான் இரண்டு வயது மூப்பு. அது பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் மல்லிதான்.

"சூடானா நிக்குது."

"அப்புறம்?"

"ஆறினா ஓடுது."

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் வரும் என்று நினைத்திருப்பார். வரவில்லை.

பொனட்டைத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் குப்புறப் படுத்து, உள்ளங்கையைச் சீட்டில் வைத்தார்.

"உஷ்!"

லேன் நின்றது.

"சாவிய திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத."

திருப்பினேன். பின்சீட்டுக்குக் கீழே "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். இரண்டு விநாடி. பிறகு நின்றது. இருபது வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறேன். அன்றுதான் கேட்டேன்.

பாஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கேக்குதா?"

"ஓம்."

"எப்படி கேக்குது?"

"கேக்குது."

"அட, வாய தொறக்க ஒனக்கு லைசன் வேணுமா? அதான் பெற்றோல் பம்பு. டாங்கிக்குள்ள கெடக்கு. இப்ப நல்லா இருக்கிற மாதிரி நடிக்குது. நிக்கிறப்போ புடிக்கணும். ஓட்டு."

அவர் இறங்கவில்லை. பின்சீட்டில் குப்புறப் படுத்தபடியே வந்தார். மட்டக்குளிவரை போய்த் திரும்பினோம். நெரிசலில் பத்து நிமிடம் நின்றபோது ஒரு அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டா.

இடைக்கிடை எழும்பி பின்பார்க்கும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பார். பல்லில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் தடவிப் பார்த்தேன்.

"டாங்கில எவ்வளவு இருக்கு?"

"சிவப்புக் கோட்டில."

"ஏன்?"

"வழக்கம்."

எழும்பி உட்கார்ந்துவிட்டார். சொல்லவேண்டி வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், நிறுத்திவைத்த கார்களிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சினார்கள். அதனால் டாங்கியில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேனில் ஊற்றிக் கட்டிலுக்குக் கீழே வைப்பேன். வரிசை முடிந்தது. கை பழகிவிட்டது.

"மல்லி, அந்த பம்பு பெற்றோலுக்குள்ள முங்கிக்கிட்டு வேல செய்ற சாமான். பெற்றோல்தான் அதுக்கு குளிர்ச்சி. நீ வருஷக்கணக்கா அத வெயில்ல காயப் போட்டிருக்க. கியூ முடிஞ்சு போச்சுனு ஒன் டாங்கிக்கு யாருமே சொல்லலியா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

கார் நின்றது. கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. நாட்டில் உள்ள அத்தனை பேரும் மெழுகுதிரியோடு அங்கே நிற்கும் நாள். பஸ், லொறி, ஒலிபெருக்கி, பூ விற்பவர்கள். பாஸ் குதித்து இறங்கினார். முகத்தில் தேர்த்திருவிழாச் சந்தோஷம். கையை உயர்த்தினார்.

"உஷ்!"

நின்றது. சத்தியமாக நின்றது. பூக்காரி விலையைப் பாதியில் விட்டாள். ஏதோ அற்புதம் நடக்கப்போகிறது என்று இரண்டு பேர் முழங்காலில் விழுந்தார்கள்.

பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். "மொகத மே?" என்றார், என்ன இது என்று. பாஸ் திரும்பவில்லை. தலை பின்சீட்டுக்குள் இருந்தது. "மொகத மே?" என்று அவர் கத்தினார். அப்போதும் திரும்பவில்லை. பொலிஸ்காரரின் நிழல் விழுந்த பிறகுதான் விரலைத் தூக்கினார். "உஷ், மல்லி. பொட்டக் இன்ன."

கொஞ்சம் பொறு என்று பொலிஸுக்கும் சொல்லலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"திருப்பு மல்லி. கேக்குதா?"

"இல்ல பாஸ்."

"நல்லா கேளு."

"இல்ல."

சீட்டைத் தூக்கினார். கீழே ஒரு மூடி, அதில் ஒரு வயர். வயரைக் கழற்றி ஒரு சின்ன பல்ப்பைத் தொடுத்தார். நான் திருப்பினேன். பல்ப் எரிந்தது.

"கரண்ட் வந்து கதவ தட்டுது. உள்ள இருக்கிறவன்தான் எந்திரிக்க மாட்டேங்கிறான்."

வயரைத் திரும்பச் சொருகினார். என் சப்பாத்தைக் கழற்றி வாங்கினார். காருக்குக் கீழே ஊர்ந்து போய் டாங்கியில் மூன்று அடி போட்டார். நான் திருப்பினேன். "ம்ம்ம்."

"கேக்குது!" என்று கத்திவிட்டேன். நான் கத்துகிறவன் அல்ல. சனம் கை தட்டியது. முழங்காலில் நின்றவர்கள் திருப்தியாக எழும்பிப் போனார்கள்.

புதன்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் பம்பு வாங்கப் போனோம். கடையிலும் "உஷ்!" ஒவ்வொரு பம்பாகக் கைக்குள் பொத்திப் பிடித்து, பற்றரியில் வயரை ஒரு தட்டுத் தட்டுவார். நாடி பிடிப்பதுபோல இருந்தது.

"கேக்குதா மல்லி? கொசுவா, வண்டா?"

"கொசு."

"வேணாம். இது?"

"இதுவும் கொசு."

முதலாளிக்குப் பொறுமை போனது. "பாஸ், புதுச் சாமான் எல்லாம் ஒரே சத்தம்தான்."

"அத மல்லி சொல்லட்டும். இது?"

"வண்டு."

"போடு பையில."

பூட்டுவதற்கு முன் பற்றரி வயரைக் கழற்றினார். பிறகு கொத்துக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். "நானா, அடுப்ப அணைங்க. டாங்கி தொறக்கப்போறேன்."

"அடுப்பையுமா? ரொட்டி கல்லுல ஈக்கி பாஸ்!"

"ரொட்டி வேணுமா, லேன் வேணுமா?"

அடுப்பு அணைந்தது. மூடியைத் திறந்து, வளையத்தைச் சுற்றிக் கழற்றி, பழைய பம்பை மேலே தூக்கினார். அதன் காலில் ஒரு வடிகட்டி. கறுத்துப்போய் இருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த கேனின் துரு அவ்வளவும் அதில். பாஸ் அதை என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

புதுப் பம்பு, புது வடிகட்டி, புது ரப்பர் வளையம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பற்றரி வயரைப் பூட்டிவிட்டு, காரின் தரையில் உள்ளங்கையை வைத்துக் குனிந்தபடி நின்றார்.

அப்போது தகரக்கடையில் அடுக்கிவைத்த வாளிகள் சரிந்து விழுந்தன. ஐம்பது வாளி இருக்கும். நானா துள்ளினார். நான் துள்ளினேன். டியூஷன் மாஸ்டர் வாசலுக்கு ஓடிவந்தார்.

பாஸ் அசையவில்லை. வாளிகள் அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில்தான் உருண்டன. தரையில் இருந்த கையை மட்டும் எடுத்து, என்ன அதிர்ந்தது என்று அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"ஹாபர்ல வேல செஞ்சேன் மல்லி. கப்பல் எஞ்சின். இருபது வருஷம்."

"ஓம்."

"அதிருதா இல்லியானு கை சொல்லும். எப்படி அதிருதுனு சொல்லாது. அதுக்கு வண்டிக்காரன் காதுதான்." லேன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "காது கேக்காத மெக்கானிக்கிட்ட எவன் வருவான்?"

நான் சாவியைத் திருப்பினேன்.

"கேக்குதா?" என்றார். கண் என் வாயில் இருந்தது.

"கேக்குது."

அதோடு நிறுத்துகிறவன் நான். அன்று நிறுத்த மனம் வரவில்லை. சொல் தேடினேன். நேரம் எடுத்தது. அவர் பொறுத்திருந்தார்.

"டீச்சர் பேப்பர் வாசிக்கேக்க வாய்க்குள்ள முணுமுணுக்கிறவ. இடையில நிப்பாட்டமாட்டா. இழுக்கமாட்டா. அப்பிடிக் கேக்குது."

பாஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "அப்ப நல்ல பம்பு" என்றார். வெள்ளை லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது வெள்ளையாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்றே டாங்கியை விளிம்புவரை நிரப்பினேன். கார் என்னை நம்பியிருக்காது.

வியாழக்கிழமை டீச்சரின் வலது கையைப் பிடித்து ஏற்றினேன். பம்பலப்பிட்டியில் அதே இடம், அதே வெயில். சிவப்பு லைட். டீச்சர் பேசவில்லை. நான் வழக்கம்போலப் பேசவில்லை. லைட் மாறியது. கார் போனது.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிய பிறகு பின்னால் இருந்து குரல் வந்தது. "தம்பி, இனி மூச்சு விடலாமோ?"

"விடலாம் டீச்சர்."

பின்னேரம் மகன் போன் எடுத்தார். "அண்ணை, எப்பிடி?" "ஓடினது" என்றேன். கம்பனிக் கார் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒயில் மாற்றக் கொட்டாஞ்சேனை போனேன். பாஸ் வேறொரு காரின் பின்சீட்டில் கிடந்தார். "உஷ்!" கொத்துத் தகடுகள் மேலே போயின. லேனுக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வந்த ஓட்டோக்காரன் பாட்டை நிறுத்தினான். நான் கடை வாசலில் நின்றேன். என் வாயிலிருந்து அது வெளியே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் நானா எனக்குத் தெரிந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பிக்கும் விளங்கிட்டுதா?" என்றார் மெதுவாக.

"உங்களுக்குத் தெரியுமோ நானா?"

"பத்து வருஷமா இந்த லேனுக்கே தெரியும். அவருக்குத்தான் எங்களுக்குத் தெரியும் எண்டு தெரியாது."

"பிறகேன் அந்தப் பாண் ஓட்டோக்காரன்கூடப் பாட்டை நிப்பாட்டுறான்? வண்டிக்காரன் கேக்கிறதுக்கோ?"

நானா தகடுகளைத் தூக்கியபடியே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வண்டிக்காரன் கெடக்கட்டும். அவரு உஷ் எண்டு செல்றாரே."

இப்போது காலையில் கார் எடுக்கும்போது முதலில் ரேடியோவை நிறுத்துவேன். டீச்சர் இருந்தால் அவவும் கதையை நிறுத்துவா. சாவியைத் திருப்பி இரண்டு விநாடி பொறுப்பேன். பின்சீட்டுக்குக் கீழே வண்டு முனகும்.

"கேக்குது பாஸ்" என்பேன்.

அவர் கொட்டாஞ்சேனையில். நான் வெள்ளவத்தையில். பக்கத்து சீட்டில் இருந்தாலும் அவருக்குக் கேட்காது. ஆனாலும் சொல்லாமல் நான் காரை எடுப்பதில்லை.