கசிவு என்று சொல்லக்கூடாது

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதகுலம், அந்த நெருப்புக்கு ஒரு தலைவர் கிடைப்பதற்காகப் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்தது. கடைசியில் அவர் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் கிடைத்தார். பெயர் குலேந்திரன். வரிசைவீட்டுக்காரர் சங்கத்தின் தலைவர். இன்னும் இரண்டு சங்கங்களின் ‘ஆலோசகர்’. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகளில் எரியும் அடுப்பொன்றை வாங்கி, எவருடைய உதவியும் இல்லாமல், கையேட்டின் உதவிகூட இல்லாமல், தன் வரவேற்பறையில் தானே பொருத்தினார்.

முதல் நாளே புகைக்குழாயின் மூட்டில் புகை வந்தது.

“இஞ்சை பாருங்கோ, பைப் கசியுது,” என்றாள் மனைவி உதயகுமாரி.

“கசிவு எண்டு சொல்லாதை. புதுப் பைப் அப்பிடித்தான் மூச்சு விடும்.”

மூச்சு விடச் சிரமப்பட்டது வீட்டில் இருந்தவர்கள்தான். மூன்றாம் நாள் சுவரிலிருந்த நச்சுவாயு அலாரம் அலறியது. தலைவர் அதை ஆராய்ந்து, அதற்கு ‘அளவுக்கு மீறிய உணர்ச்சி’ என்று கண்டறிந்து, பற்றரியைக் கழற்றினார். உடனே சமாதானம் நிலவியது. சமாதானம் செய்வதில் நோர்வே பெயர்பெற்ற நாடு. குலேந்திரனும் அதன் குடியுரிமை பெற்றவரே.

உதயகுமாரிக்கு வீட்டில் தலையிடி, முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனால் சுகம், திரும்பி வந்தால் மறுபடி தலையிடி. ஒருநாள் ரோர்ச் அடித்துப் பார்த்தாள். குழாயின் வளைவிலிருந்து நூல்போலப் புகை கிளம்பியது. புகைபோக்கிப் பரிசோதகரைக் கூப்பிட்டாள். தலைவர் அவருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றார்.

“தலைவர் வீட்டிலை பரிசோதனையாம் எண்டு சனம் கதைக்காதே?”

அதற்குப் பதிலாக, சனிக்கிழமை பகல் அதே அறையில் ‘புகை தொடர்பான உபகுழு’ கூடியது. உறுப்பினர்கள் ஜெயரத்தினமும் மகேந்திரராசாவும். பிழை முழுவதும் காற்றினுடையது என்று தலைவர் பிரேரித்தார். ஜெயரத்தினம் கண்ணீர் வழிய ஆமோதித்தார். அது புகையால் வந்த கண்ணீர். ‘உணர்ச்சிபூர்வமான ஆதரவு’ என்று குறிப்பேட்டில் பதிவானது.

“பைப்பையும் ஒருக்காப் பாப்பமோ?” என்றார் மகேந்திரராசா.

“அது நிகழ்ச்சிநிரலிலை இல்லை.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது, தேநீர்த் தட்டோடு வந்த உதயகுமாரி கால் துவண்டு விழுந்தாள். மாடியிலிருந்து ஓடிவந்த மகள் வர்சா தாயை வெளியே பனிக்குள் இழுத்துச்சென்று, அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். உள்ளே, கூட்டத்தை ஒத்திவைக்க முன்மொழிபவர் யார் என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் எடுத்துவிட்டு உதயகுமாரி வீட்டுக்கு வந்தபோது, வர்சா வரவழைத்த பரிசோதகர் அனஸ்ரேசியா குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூட்டுகளில் இருக்கவேண்டிய வளையங்கள் இல்லை. பார்சல் ஒட்டும் ரேப் சுற்றியிருந்தது. வளைவு முழுக்கச் சாம்பல்.

அலாரம் அடிக்கவில்லையா என்று அவர் நோர்வேஜிய மொழியில் கேட்டார். அடித்தது, அப்பாதான் நிறுத்தினார் என்றாள் வர்சா.

குலேந்திரன் தொண்டையைச் செருமினார். அறிக்கை எழுதுவதானால், அதில் தன் பெயர் பதவியோடு வரவேண்டும் என்றார்.

அனஸ்ரேசியா படிவத்தைப் புரட்டினார். அதற்கென்று இடம் ஒன்றும் தென்படவில்லை.

உதயகுமாரி எட்டிப் பார்த்தாள். ‘காரணம்’ என்றிருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

“இதுக்கை எழுதச் சொல்லுங்கோ,” என்றாள் கணவரிடம். “முழுப் பேரும், பதவியும்.”