பிஸ்கட் சாரும் விழாத ஓட்டையும்

பிள்ளைகளே, ஊவா மாகாணத்தில் பிஸ்கட் தின்றவர்கள் எத்தனையோ பேர். பிஸ்கட்டைப் படித்தவர் ஒருவர்தான். பதுளையில் நான் தங்கியிருக்கும் போர்டிங்கில் பக்கத்து அறைக்காரர். வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர், கெம்பஸில் பாடம் எடுத்தவர். எங்களுக்கு அவர் பிஸ்கட் சார்.

கிரீம் கிராக்கரில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்குமே, அதில்தான் அவருக்குக் கண். பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எல்லா ஓட்டையும் ஒழுங்காக இருந்தால் முகம் வாடிவிடும். அந்தப் பிஸ்கட் எங்களுக்கு. எங்காவது ஒரு ஓட்டை விழாமல் போயிருந்தால், லொத்தர் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி ஒரு சத்தம்! அது அவருடைய அலுமாரிக்குள் போய்விடும். அந்த அலுமாரியைத் தேடி எறும்புகள் பசறையிலிருந்தே வந்தன.

"சார், திங்கிற சாமானுக்கு எதுக்கு எக்ஸ்ரே?" என்று கேட்பார் போர்டிங் நடத்தும் அக்கா.

"இத பிஸ்கட்டுன்னு நெனைக்காதீங்க அக்கா. இதுதான் என் ஆராய்ச்சி."

நான் பல்பு விற்கிற கடையில் வேலை செய்கிறவன், படிப்பும் பள்ளிக்கூடத்து ஓ.எல். மட்டும்தான். எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன். தலைமுடியை விட மிக மெல்லிய தகட்டில், கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளை ஒரே ஒழுங்கில் போடுவார்களாம். அந்த ஒழுங்குக்குள் ஒரு குறிப்பிட்ட நிற வெளிச்சம் நடமாட முடியாது. நடுவில் ஒரு ஓட்டையை மட்டும் போடாமல் விட்டால், அந்த இடம் ஒரு குட்டி அறை. வெளிச்சம் அதற்குள் மாட்டிக்கொண்டு முட்டி முட்டித் திரும்பும். மினுங்கக்கூடிய ஒரு பொடியை அங்கே வைத்து, அறையும் அதன் நிறத்துக்குப் பொருந்திவிட்டால், பொடி தன் வெளிச்சத்தைச் சட்டென்று கொடுத்துவிடுமாம்.

இதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. சார் பிஸ்கட்டும் கையுமாக வராந்தாவுக்கு வந்தால், குளிக்காதவர்கள் குளிக்கப் போவார்கள். குளித்தவர்கள் மறுபடியும் போவார்கள். சாருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஹல்துமுல்லைப் பக்கம் அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் இப்போது வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டால், போர்டிங்கில் அவரும் எறும்புகளும்தான்.

அப்புத்தளையில் சாருக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. "அண்ணே, எங்க பக்கம் பேச நீங்களும் அக்காவும்தான் இருக்கீங்க. வருவீங்கல்ல?" என்றார். போனோம். ரயில் ஹாலிஎலையைத் தாண்டும் முன்பே அக்கா சத்தியம் வாங்கிவிட்டார்.

"ஓட்டைங்கிற பேச்சே வரக்கூடாது."

"வராதுக்கா."

பெண் தட்டோடு வந்தாள். தட்டில் பிளேன்டீ, பக்கத்தில் கிரீம் கிராக்கர். எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கினார்.

"அண்ணே! நடுவுல ஒண்ணு இல்ல!"

பெண்ணின் தாய்மாமா எழுந்தே விட்டார். "என்னா தம்பி, எங்க வீட்டுப் பிஸ்கட்டுல குறை கண்டுபிடிக்கவா ரயிலேறி வந்தீங்க?"

"ஐயோ, அந்தக் குறைதாங்க விசேஷமே!"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சார் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தேநீர் ஆறியது. தாய்மாமா கொட்டாவி விட்டார். பெண் மட்டும் மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பொடிய குட்டி அறையில வைக்காம, ஓட்டைங்களுக்கு நடுவுல வச்சா? அணைஞ்சு போயிடுமா?"

சார் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அணையாதுங்க. வெளிச்சம் போக எடமில்லல்ல... உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கும். ரொம்ப நேரம்."

மறுநாள் தாய்மாமா போனில் பேசினார். "படிச்ச பிள்ளைதாங்க. ஆனா எங்களுக்குச் சரிவராது." அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு சார் பிஸ்கட் வாங்கவில்லை. பேசவும் இல்லை. இத்தனை காலம் நாங்கள் ஏங்கிய அமைதி போர்டிங்குக்கு வந்துவிட்டது. வந்த பிறகு ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அக்கா சோற்றை வைத்துவிட்டு, அவர் ஏதாவது சொல்வாரா என்று நின்று பார்ப்பார். அவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மழை பெய்த ஒரு பின்னேரம் நான் அவர் கதவைத் தட்டினேன்.

"சார், அந்தக் குட்டி அறை விஷயம் எனக்கு இன்னும் விளங்கல. முதல்ல இருந்து சொல்லுங்களேன்."

"நெசமாவா அண்ணே?"

"நெசமாத்தான்."

இருட்டும் வரை சொன்னார். கையை ஆட்டி, சுவரில் விரலால் கோடு போட்டு, இடையில் அவரே சிரித்தும் கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து வரவும் மனமில்லை.

இப்போது அவர் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறார். பக்கத்து அறைக்குப் புதியவர் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். வணக்கம் சொல்வார், கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு எதையும் விளக்க மாட்டார்.