உப்பு டிரைவரின் நாக்கு

கடலைத் திட்டுவதற்காகவே வாரம் தவறாமல் கடற்கரைக்கு வண்டி ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கும்பகோணம் டாக்ஸி ஸ்டாண்டில் இருந்தார். பெயர் உப்பு. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவரும் அதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

கும்பகோணத்தில் வீடு இருப்பது ஒரு தண்டனை. விருந்தாளிகள் முதல் நாள் கோயில் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் கோயில் அலுத்துப்போய்க் கடல் வேண்டும் என்பார்கள். வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி, சாயங்காலம் பூம்புகார் என்று கரையோரமாக ஒரே நாளில் சுற்றிக் காட்டி, அவர்களை ரயில் ஏற்றிவிட்டு நாம் முதுகு வலியோடு படுக்கலாம். அந்தச் சுற்றுக்கு நான் உப்பைத்தான் கூப்பிடுவேன்.

கடற்கரை வந்ததும் எல்லோரும் இறங்கி ஓடுவார்கள். உப்பு கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். "அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்" என்பார். அவன் என்றால் கடல். பூம்புகாரில் ஒரு புதுமாப்பிள்ளை, இங்கே இறங்கிக் குளிக்கலாமா என்று இவரிடம் போய்க் கேட்டான். கடலின் யோக்கியதையைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டு, கால்கூட நனைக்காமல் பெண்டாட்டியோடு திரும்பி வந்தான்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. பூம்புகாருக்கு வடக்கே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், அவருக்குக் கொஞ்சம் நிலம். கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனை. எங்கள் பக்கத்தில் தலைமடைக்குத் தண்ணீர் வரும், கடைமடைக்குத் தண்ணீர் வருகிற செய்தி வரும். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் வாய்க்கால் வழியே கடல் ஏறி வந்துவிடும், அமாவாசை பௌர்ணமி என்றால் இன்னும் மேலே. போதாததற்கு இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் தேக்கிய இறால் குட்டை. அதனால் அங்கே மடை திறக்குமுன் தண்ணீரை வாயில் விட்டு உப்புப் பார்த்தாக வேண்டும். இவர் பார்த்துப் பார்த்து அதுவே பழக்கமாகி, எந்தப் பாலத்தைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு கை அள்ளி ருசித்துத் துப்பிவிட்டு வருவார். பெங்களூரிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் இதைத் தீர்த்தம் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிப்போய், கண்ணை மூடிக் குடித்தார். வேளாங்கண்ணி போய்ச் சேர்வதற்குள் அவருக்காக வண்டியைப் பலமுறை நிறுத்த வேண்டியிருந்தது.

ஓட்டல்காரர்களுக்கு அவர் எமன். காரைக்காலில் சாம்பாரை நக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். சமையல்காரர் கரண்டியோடு சண்டைக்கு வந்தார், அங்கேயே ஒரு வாய் குடித்துப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று முதல் அந்த நாக்கின்மேல் எங்களுக்கு நம்பிக்கை. அவருக்கோ கொஞ்சம் கர்வம்.

போன மார்கழியில் அக்கா வந்திருந்தாள். வேளாங்கண்ணி போகும் வழியிலேயே உப்பு தன் நில விஷயத்தைச் சொல்லிவிட்டார். பக்கத்து இறால் குட்டைக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறாராம். மகளும் சென்னையிலிருந்து, கொடுத்துத் தொலையுங்கள் என்கிறாளாம்.

"இந்தச் சம்பா வீடு வந்து சேந்துட்டா நெலம் எங்கிட்ட இருக்கும் சார். இல்லன்னா எறா குட்டைதான். மகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். கதிர் வெளியே வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சினால் போதும் என்றார்.

தரங்கம்பாடி தாண்டியதும் ரோட்டோரக் கருவாட்டுக் கடையில் அக்கா நிறுத்தச் சொன்னாள். உப்புக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெத்திலியைக் கிள்ளி வாயில் போட்டார், வஞ்சிரத்தைக் கிள்ளினார், வாளையைக் கிள்ளினார். கடைக்கார அம்மாள் ஒளித்து வைத்திருந்த சுறாவையும் எடுக்கச் சொல்லிக் கிள்ளினார். உப்பு தூக்கல், இது பழசு, இது மண் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் அக்காவுக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னார். ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நாங்கள் கைதட்டாத குறை.

அங்கிருந்து நேரே அவர் வயலுக்குப் போனோம். வாய்க்காலில் தண்ணீர் கரைதொட்டு நின்றது. ஒரு கை அள்ளி வாயில் விட்டவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தித்திக்குது தங்கச்சி. மேல எங்கயோ மழ பேஞ்சிருக்கு."

மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் பயிருக்குள் ஓடுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு பூம்புகாரில், எல்லோருக்கும் முன்னால் வண்டியை விட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் கால் நனைத்தார். இன்னிக்கு இவன் நல்லவனா இருக்கான் என்றுகூடச் சொன்னார்.

மறுநாள் அமாவாசை. வாய்க்காலில் நின்றது கடல்தான். அத்தனை கருவாட்டைத் தின்ற நாக்குக்கு அது தித்தித்திருக்கிறது.

கதிரெல்லாம் பால் பிடிக்காமல் வெளுத்துப் பதராகிப் போயிற்று. மழை கெடுத்திருந்தால் வானத்தைத் திட்டலாம், தண்ணீர் விடாவிட்டால் சர்க்காரைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? ஸ்டாண்டில் சிரித்தார்கள். சிரித்தவர்களை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. தை பிறந்ததும் பொக்லைன் வந்து அவருடைய வரப்பைப் பெயர்த்துப் போட்டது. வாக்குக் கொடுத்தவர் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

சித்திரையில் அக்கா மறுபடி வந்தாள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்தக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மனம் வராமல், ஒருநாள் அப்படியே குப்பையில் போட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், என்னாலதாண்ணே எல்லாம் என்று ஆரம்பித்தாள். உப்பு அவளை முடிக்கவிடவில்லை.

"அத விடு தங்கச்சி. கருவாடு நல்லா இருந்துச்சா?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. உப்பு அளவா இருந்துச்சு" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். அந்தப் பொய்யைச் சொன்னதற்காக அக்காவை எனக்குப் பிடிக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவரை அதைவிடப் பிடிக்கும்.